மாமா சொன்ன காத்து... கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் ஒரு மாலை!

எங்கள் வீட்டு ஷோகேஸில் நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளுக்கெல்லாம் முன்னால் ஒரு போட்டோ நிற்கும். வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு மாமா சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் வானத்தைத் தொடும் இரண்டு கோபுரங்கள். உச்சியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று போட்டோ எடுத்தவர் தரையில் படுத்துவிட்டார்போல. மாமாவின் ஷூ பெரிதாகவும் தலை சின்னதாகவும் இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா ஒருமுறையாவது சொல்லிவிடுவார், "எங்க அண்ணன் மலேசியால இருந்தப்ப எடுத்தது."

மாமா 1995-ல் கோலாலம்பூர் போனார். மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. 2006-ல்தான் ஊரோடு வந்து சேர்ந்தார். அந்த 11 வருடங்களில் அவர் அனுப்பிய பணத்தில்தான் அம்மாவின் கல்யாணம் நடந்தது, பாட்டி வீட்டுக்கு ஓடு மாறி தளம் வந்தது. மாதத்துக்கு ஒருமுறை தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் வரும். போன் கார்டில் காசு தீர்வதற்குள் நலம் விசாரிப்பு முடிந்து, அம்மா கேட்பாராம், "அண்ணே, அந்த டவர் எப்படி இருக்கு?"

மாமாவும் சலிக்காமல் சொல்வார். "41-வது மாடில ஒரு பாலம் இருக்கு பாப்பா. அதுல நடந்தா காத்து முகத்துல அறையும். சட்டையெல்லாம் படபடன்னு அடிச்சுக்கும். அதுக்கும் மேல 86-வது மாடிக்குப் போனா மேகம் நம்ம காலுக்குக் கீழ போகும்."

நான் தூங்காமல் அடம்பிடித்த ராத்திரிகளில் அம்மா எனக்குச் சொன்ன கதையும் இதுதான். ராஜா ராணி கிடையாது. பாலம், காத்து, காலுக்குக் கீழே மேகம்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் காசு சேர்ந்ததும் அம்மாவிடம் கேட்டேன், "வெளிநாடு போகலாமா? சிங்கப்பூரா, துபாயா?" அம்மா யோசிக்கவே இல்லை. "அண்ணன் இருந்த ஊருக்குப் போவோம்டி."

மாமாவையும் கூப்பிட்டோம். "நான் பார்க்காததா? நீங்க போயிட்டு வாங்க" என்று சிரித்துவிட்டார்.

திருச்சி டு கோலாலம்பூர்

திருச்சியிலிருந்து நேரடி விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கே இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். இந்தியர்களுக்கு 30 நாள்கள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை இருப்பதால் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். ஆனால், கிளம்பும் முன் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். விதிகள் மாறக்கூடும் என்பதால் டிக்கெட் போடும்முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நாங்கள் தங்கியது பிரிக்ஃபீல்ட்ஸில். பூக்கடை, மல்லிகை வாசம், புடவைக் கடை, தமிழ்ப் பாட்டு என்று மன்னார்குடி கடைத்தெருவையே கொண்டுபோய் வைத்தது மாதிரி இருக்கும். அதனால் முதல் நாள் முழுக்க அம்மாவுக்கு வெளிநாடு வந்த நம்பிக்கையே வரவில்லை.

பக்கத்திலேயே கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம். அங்கிருந்து கேஎல்சிசி நிலையத்துக்கு எல்ஆர்டி ரயிலில் ஐந்தாவது நிறுத்தம். ஓட்டுநர் இல்லாமலே ஓடும் ரயில் இது. முன்பக்கக் கண்ணாடி வழியாகத் தண்டவாளம் தெரிய, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நடுவில் 'மஸ்ஜித் ஜாமேக்' என்று அறிவிப்பு வந்ததும் பிடி தளர்ந்தது. "இதுதான் அண்ணன் இறங்குற ஸ்டேஷன்" என்றார், ஏதோ தினமும் வந்துபோகிறவர் மாதிரி.

குதிரைப் பந்தய மைதானத்தில் முளைத்த கோபுரம்

ரயில் நிலையத்திலிருந்து சுரங்கப் பாதை வழியாக நடந்தால் நேராக சூரியா கேஎல்சிசி ஷாப்பிங் மாலுக்குள் போய்விடுவோம். கோபுரங்களின் காலடியில் இருக்கிறோம் என்பது உள்ளே இருக்கும்வரை தெரியாது. வெளிக் கதவைத் தாண்டி, நாலு அடி நடந்து திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். தலையை நிமிர்த்துகிறோம், நிமிர்த்துகிறோம், கழுத்து வலிக்கும்வரை நிமிர்த்துகிறோம். இன்னும் கட்டடம் முடியவில்லை.

வாசலில் பாதிப் பேர் தரையில் படுத்துக்கிடந்தார்கள். எல்லாம் போட்டோவுக்காகத்தான். செல்போனில் மாட்டும் லென்ஸ் விற்பவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். 25 வருடங்களுக்கு மேலாகியும் போட்டோ எடுக்கும் முறை மட்டும் மாறவில்லை. நானும் படுத்தேன். ஷோகேஸ் போட்டோவில் மாமா நிற்பது மாதிரியே அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மாவின் செருப்பும் பெரிதாகத்தான் விழுந்தது.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் சுமார் 452 மீட்டர். மொத்தம் 88 மாடிகள். 2004-ல் தைவானின் தைப்பே 101 வரும்வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். இன்றைக்கும் உலகின் உயரமான இரட்டைக் கோபுரம் என்ற பெயர் இதனிடமே இருக்கிறது. வடிவமைத்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி. ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும் இல்லையா? இஸ்லாமியக் கலையில் அடிக்கடி வரும் அந்த நட்சத்திரம்தான் ஒவ்வொரு மாடியின் அடிப்படை வடிவம். இடம் கூடுதலாகக் கிடைக்க, முனைகளுக்கு நடுவே அரைவட்டங்களைச் சேர்த்தார்கள்.

இந்த இடம் முன்பு குதிரைப் பந்தய மைதானமாக இருந்தது. அஸ்திவாரத்துக்காகத் தோண்டிப் பார்த்தபோது ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஆழத்தில் குழிவிழுந்த சுண்ணாம்புப் பாறை. இப்படியே கட்டினால் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால், கோபுரங்களின் இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி மாற்றினார்கள். நாம் வானத்தைப் பார்த்து வியக்கிறோமே, அந்தக் கட்டடம் பூமிக்குள்ளும் 100 மீட்டருக்கு மேல் இறங்கி நிற்கிறது. ஒரு கோபுரத்தின் அடித்தளத்துக்கு மட்டும் 54 மணி நேரம் நிறுத்தாமல் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு சுவாரஸ்யம், இரண்டு கோபுரங்களையும் கட்டியது ஒரே குழு அல்ல. ஒன்றை ஜப்பானிய நிறுவனம் தலைமையிலான குழு கட்டியது. மற்றதைத் தென்கொரிய நிறுவனங்கள் இருந்த குழு கட்டியது. யார் முதலில் உச்சியைத் தொடுவது என்று பக்கத்துப் பக்கத்திலேயே போட்டி. மாமா போய்ச் சேர்ந்த 1995-ல் இந்தப் போட்டி உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். 1996-ல் கூர்முனைகள் பொருத்தப்பட்டன. 1999 ஆகஸ்ட்டில் அப்போதைய பிரதமர் மகாதீர் முகமது முறைப்படி திறந்துவைத்தார்.

"நான் வந்தப்ப அது பாதிதான் இருந்துச்சு, என் கண்ணு முன்னாடி வளர்ந்துச்சு" என்று மாமா சொல்வார். சின்ன வயதில் அதையும் கதை என்றே நினைத்தேன். தேதிகளை வைத்துப் பார்த்தால் அது நிஜம்தான்.

41-வது மாடி: நழுவும் பாலம்

மேலே போக நேரம் குறித்த டிக்கெட். இணையத்திலேயே முன்பதிவு செய்துவிடுவது உத்தமம். நேரில் போனால் அன்றைக்கான டிக்கெட் தீர்ந்துவிட வாய்ப்பு உண்டு. கீழ்த்தளத்தில் பைகளை ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனை முடித்ததும் கழுத்தில் ஒரு வண்ண அட்டை மாட்டிவிடுகிறார்கள். எந்த வண்ணம் கூப்பிடுகிறார்களோ அந்தக் குழு கிளம்ப வேண்டும். எங்களுடையது மாலை ஐந்தரை மணிக் குழு.

முதல் நிறுத்தம், இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் ஸ்கை பிரிட்ஜ். 41, 42 என இரண்டு மாடிகளில் இரண்டு அடுக்காக அமைந்த பாலம். தரையிலிருந்து 170 மீட்டர் உயரம், 58 மீட்டர் நீளம். காற்றில் இரண்டு கோபுரங்களும் தனித்தனியாக லேசாக அசையும். பாலத்தை இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் பிய்ந்துவிடும். அதனால் முனைகளில் வழுக்கி நகர இடம் விட்டிருக்கிறார்கள். கீழிருந்து பார்க்கும்போது பாலத்தைத் தாங்குகிற இரண்டு கால்கள் 'வி' எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி தெரியும். ஒரு கோபுரத்தில் ஆபத்து என்றால் அடுத்த கோபுரத்துக்குத் தப்பிக்கும் வழியும் இதுதான்.

லிஃப்ட் கதவு திறந்ததும் அம்மா புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். காற்றுக்குத் தயாராகிறார் என்று எனக்குப் புரிந்தது.

பாலத்தில் நடந்தோம். இரண்டு பக்கமும் கண்ணாடி, மேலே கூரை, உள்ளே ஏசி. ஆபீஸ் வராண்டா மாதிரி அமைதி. ஒரு முடிகூட அசையவில்லை.

அம்மா கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். மேலே பார்த்தார். மறுமுனை வரை பார்த்தார். "ஜன்னலைத் திறப்பாங்களோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லைம்மா. எப்பவுமே மூடித்தான் இருக்கும்."

"ஓ" என்றார். செருகிய முந்தானையை மெதுவாக எடுத்துவிட்டார்.

பேச்சை மாற்றுவதற்காக, அலெய்ன் ராபர்ட் கதையைச் சொன்னேன். உயரமான கட்டடங்களில் வெறும் கையால் ஏறும் பிரெஞ்சுக்காரர். 1997-லும் 2007-லும் இந்தக் கோபுரத்தில் வெளிப்பக்கமாக ஏறி, இரண்டு முறையும் 60-வது மாடியில் பிடிபட்டார். விடாமல் 2009-ல் மறுபடி வந்து உச்சியைத் தொட்டுவிட்டார்.

"லிஃப்ட் இருக்கையில எதுக்கு அந்த வேலை?" என்றார் அம்மா. சிரித்தார்தான். ஆனால், கண் கண்ணாடியிலேயே இருந்தது.

86-வது மாடி: அண்ணன் எங்கே இருந்தார்?

83-வது மாடியில் லிஃப்ட் மாறி, 86-க்குப் போனோம். முதலில் கண்ணில் படுவது ஊர் அல்ல, எதிர்க்கோபுரத்தின் உச்சி. கீழிருந்து ஊசி மாதிரி தெரிந்தது, இங்கே கைநீட்டினால் தொட்டுவிடலாம்போல அருகில் வந்துவிடுகிறது.

சுற்றி வந்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. காலடியில் 50 ஏக்கர் பூங்கா. இன்னொரு பக்கம் கம்போங் பாரு, உயரமான கட்டடங்களுக்கு நடுவே தாழ்ந்த கூரைகளுடன் ஒரு பழைய மலாய்க் குடியிருப்பு. தெற்குப் பக்கம் மெர்டேக்கா 118. கிட்டத்தட்ட 679 மீட்டர், உலகின் இரண்டாவது உயரமான கட்டடம். ஒருகாலத்தில் உலகத்துக்கே பெரியண்ணனாக இருந்த இரட்டைக் கோபுரத்துக்கு இப்போது சொந்த ஊரிலேயே முதலிடம் இல்லை.

எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தார். பணியில் இருந்த ஒரு பெண், எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழில் விசாரித்தார். "அம்மா என்ன தேடுறாங்க?"

"மஸ்ஜித் இந்தியா எந்தப் பக்கம்மா? எங்க அண்ணன் அங்கதான் இருந்துச்சு."

அந்தப் பெண் மேற்குப் பக்கம் கூட்டிப்போனார். "அந்தா கேஎல் டவர் தெரியுது பாருங்க. அதுக்குக் கொஞ்சம் வலது பக்கம், பின்னாடி. ரெண்டு ஆறு சேர்ற இடம் அதுக்குப் பக்கத்துலதான்." கிளாங், கோம்பாக் என்ற அந்த இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில்தான் இந்த ஊரே பிறந்தது. கோலாலம்பூர் என்ற பெயருக்குச் சேறான கூடுதுறை என்று அர்த்தம் சொல்வார்கள்.

அங்கே தெரிந்தது ஒரு கொத்துக் கூரைகள். அவ்வளவுதான். எந்தக் கடை, எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. ஆனால், அம்மா அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார், "இந்த மாடிக்கு அப்பல்லாம்கூட வரலாமாம்மா? ஒரு 25 வருஷத்துக்கு முன்னாடி?"

"இல்லைம்மா. முன்ன பாலம் வரைக்கும்தான் விடுவாங்க. அதுக்கு அப்ப டிக்கெட்டும் ஃப்ரீ. ஆனா, காலையிலேயே வந்து வரிசை பிடிக்கணும், தினமும் இவ்வளவு பேர்னு கணக்கு. இந்த மாடியெல்லாம் அப்புறம் திறந்ததுதான்."

நான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. மாமா ஊர் திரும்பியது 2006. இந்த மாடிக்கு அவர் வந்திருக்கவே முடியாது. காற்று அறையாத பாலத்துக்கும் வந்திருக்க மாட்டார்.

எங்கள் வண்ண அட்டையைக் கூப்பிட்டார்கள். இறங்கினோம். லிஃப்டில் காது அடைத்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

பூங்காவில் ஒரு வீடியோ கால்

இருட்டியதும் கோபுரங்களில் விளக்குகள் எரிந்தன. வெள்ளியை உருக்கி வார்த்த மாதிரி ஒரு பளபளப்பு. வெளிச்சுவரெல்லாம் துருப்பிடிக்காத எஃகும் கண்ணாடியும் என்பதால் வரும் ஜொலிப்பு இது. பூங்கா ஏரியில் இசைக்கு ஏற்ற நீரூற்று நடனம் தொடங்கியது. புல்தரை ஓரத்தில் உட்கார்ந்து மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே எட்டு மணி என்றால், நம் ஊரில் மாலை ஐந்தரை.

மாமா இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். மாவு பிசைகிற நேரம். கை முழுக்க மைதா. கடைப் பையன்தான் போனைப் பிடித்திருந்தான்.

"அண்ணே, பாரு!" என்று அம்மா போனைத் திருப்பிக் கோபுரத்தைக் காட்டினார்.

மாமா மாவை விட்டுவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவுமே சொல்லவில்லை. "லைட்டு அப்பவிட ஜாஸ்தியா இருக்கே" என்றார். பிறகு, "மேல போனீங்களா?"

"போனோம்ணே. நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. பாலத்துல என்னா காத்து! முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டுத்தான் நடந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா என்னைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா சிரிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் சிரித்தார். மைதா ஒட்டிய கையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா, அது கண்ணாடி போட்டு அடைச்ச பாலம்டி. எனக்கும் தெரியும்."

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் நீரூற்றுப் பாட்டுச் சத்தம் மட்டும்.

"எப்பண்ணே தெரியும்?"

"கடைக்கு வந்த ஒருத்தர் பின்னாடி சொன்னாரு. அதுக்குள்ள உங்கிட்ட காத்து கீத்துன்னு அளந்துவிட்டுட்டேன். அப்புறம் எங்க மாத்திச் சொல்றது? நீ ஒவ்வொரு போன்லயும் அதையே கேட்ப." மாமா மறுபடி மாவில் கைவைத்தார். "போகணும்னு நினைச்சேன்டி. பாலம் திறந்தப்ப டிக்கெட் ஓசிதான். ஆனா, காலைல போய் வரிசைல நிக்கணும். நான் காலைல அஞ்சு மணிக்கு ரொட்டி சானாய் போட நிக்கணும். எனக்கு லீவு மாசத்துல ரெண்டு திங்கக்கிழமை. டவருக்கும் திங்கக்கிழமைதான் லீவு!"

சொல்லிவிட்டு, உலகத்திலேயே பெரிய ஜோக்கைச் சொன்னவர் மாதிரி அவரே சிரித்தார். ஷோகேஸ் போட்டோவும் அப்படி ஒரு திங்கள்கிழமையில் எடுத்ததுதானாம்.

"ஆனா, ஒண்ணு பாப்பா. ராத்திரி கடையைக் கழுவி விட்டுட்டு ரூம் மொட்டைமாடிக்குப் போனா நேரா தெரியும். தினமும் பார்ப்பேன். அந்தப் பாலம் இருக்கிற இடத்தை எண்ணி எண்ணிப் பார்ப்பேன். நீ கேட்டா சொல்லணும்ல?"

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "86-வது மாடியிலேருந்து நான் உன் ரூமைத் தேடினேன்ணே" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்த பிறகு நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மேலே ஏறி ஊரைப் பார்ப்பவர்கள் முக்கால் மணி நேரம் பார்க்கிறார்கள். கீழே இருந்து கோபுரத்தைப் பார்ப்பவர்கள் 11 வருடம் பார்க்கிறார்கள். சுற்றிலும் துப்புரவு வண்டி தள்ளுபவர், லென்ஸ் விற்பவர், வேலை முடிந்து பேருந்துக்கு நடப்பவர் என்று எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேர் இன்றிரவு ஊருக்குப் போன் போட்டு, காத்து பிய்த்துக்கொண்டு போகிறது என்று சொல்லப்போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன்டி, அண்ணன் பாஸ்போர்ட் இன்னும் செல்லுமா?" என்று அம்மா திடீரென்று கேட்டார்.

எப்போதோ காலாவதியாகியிருக்கும். ஊர் திரும்பிய வாரமே மாமாவைக் கடையிலிருந்து இழுத்துப்போய் புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம். "முட்டி வலி, கடை, மாவு" என்று ஆயிரம் காரணம் சொன்னார். "லிஃப்ட்லதான் போவோம், நீ பிரெஞ்சுக்காரன் மாதிரி ஏற வேணாம்" என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். அடுத்த முறை மூன்று டிக்கெட். மாமா, அம்மா, நான்.

நீங்கள் போவதாக இருந்தாலும் ஒரு விஷயத்தை மறக்காமல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை விடுமுறை.